"எங்க கிளாஸ் மாதிரியே இருக்கும்மா"

கேள்வி: என் மகள் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ராபர்ட் கார்மியர் எழுதிய 'தி சாக்லேட் வார்' என்ற ஆங்கில நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். ரகசியக் கும்பல் ஒன்று பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைக்கிற கதையாம். கடைசியில் கெட்டவன்தான் ஜெயிக்கிறானாம். "எங்க கிளாஸ் மாதிரியே இருக்கும்மா" என்றாள். மேலே கேட்டால் வாய் திறக்கவில்லை. இதையெல்லாம் வாசித்து மனசு கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. புத்தகத்தை வாங்கி வைத்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அவள் உங்களிடம் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள். நேராகச் சொல்ல முடியாததால் புத்தகத்தைக் காட்டியிருக்கிறாள். அதைப் பிடுங்கினால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். முடிந்தால் இந்த வாரமே நீங்களும் அதை வாசித்துவிடுங்கள். கொச்சைப் பேச்சும் பாலியல் சங்கதியும் சில இடங்களில் வரும். நூலகங்களிலிருந்து அகற்றச் சொல்லி அமெரிக்காவில் அடிக்கடி புகார் எழுந்த புத்தகங்களில் இதுவும் ஒன்று. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பக்கங்களில் பதற மாட்டீர்கள்.

1974-ல் வந்த நாவல். கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றில் 20,000 சாக்லேட் பெட்டிகளை மாணவர்கள் விற்றுத்தர வேண்டும், ஆளுக்கு 50. பள்ளியில் கொடுத்துவிடும் நன்கொடைக் கூப்பனோடு வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். ஜெர்ரி என்ற பையன் விற்க மறுக்கிறான். முதல் பத்து நாள் மறுப்பு கும்பல் போட்ட உத்தரவு. அதற்குப் பிறகும் அவன் தன் விருப்பத்தில் மறுப்பதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. கார்மியரின் மகனே பள்ளியில் இப்படிச் சாக்லேட் விற்க மறுத்தவன். அதிலிருந்து பிறந்த கதை இது.

கும்பலை நடத்துகிற ஆர்ச்சி கை நீட்டி அடிப்பவனில்லை. அடிப்பதற்கு எமில் என்று ஒருவன் இருக்கிறான். அவன் வெட்கப்படும்படியான நிலையில் இருந்தபோது ஆர்ச்சி கேமராவை க்ளிக் செய்திருப்பான். அந்தப் போட்டோவுக்குப் பயந்தே எமில் அவன் சொன்னதையெல்லாம் செய்கிறான். கேமராவில் ஃபிலிமே கிடையாது! ஒவ்வொரு பிள்ளை கையிலும் போன் இருக்கிற இந்தக் காலத்தில், "உன் ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு" என்ற ஒரு மெசேஜ் போதும். உண்மையில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் தைரியம் எந்தக் குழந்தைக்கு வரும்?

கடைசியில் ஜெர்ரிக்கும் எமிலுக்கும் குத்துச்சண்டை நடக்கிறது. யார் யாரை எங்கே குத்த வேண்டும் என்று சீட்டில் எழுதி, காசு கொடுத்து வாங்குகிறார்கள் மற்ற மாணவர்கள். என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் இந்தச் சீட்டுதான். ஆர்ச்சியின் அதிகாரம் முழுக்க மற்றவர்கள் கொடுத்தது. ஃபின்லாந்து உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் சக ஆய்வாளர்களும் 1996-ல் இதையேதான் வகுப்பறைகளில் கண்டு எழுதினார்கள். கொடுமை செய்பவர், படுபவர் என்று இரண்டு பேரோடு முடிவதில்லை. கூடச் சேர்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கிப் போகிறவர், தடுத்து நிற்பவர் என்று வகுப்பே அதற்குள் இருக்கிறது. வட்டப்பேர் வைத்துக் கூப்பிடுகிறவள் ஒருத்தி என்றால், அதைக் கேட்டுச் சிரிக்க இருபது பேர் இருக்கிறார்கள்.

அதனால் "உன் கிளாஸ்ல யாருடீ அது?" என்று ஆரம்பிக்காதீர்கள். சமையலறையில் வேலையாக இருக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல், கதையைப் பற்றிக் கேளுங்கள். "சீட்டு வாங்கினானுவளே, அவனுவளுக்கு ஜெர்ரி மேல என்ன கோபம்?" "யாராவது ஒருத்தன் வாங்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" கதையில் வருகிறவனைப் பற்றிப் பேசும்போது குழந்தைக்கு யாரையும் காட்டிக்கொடுத்த குற்றவுணர்ச்சி வராது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அவளாகவே தன் வகுப்புக்கு வந்துவிடுவாள்.

அவள் சொல்லப்போவது என்னவாகவும் இருக்கலாம் என்பதற்குத் தயாராக இருங்கள். அடிபடுகிறவள் அவள்தான் என்றே நாம் நினைப்போம். சீட்டு வாங்கியவளாக அவள் இருக்கலாம், ஆர்ச்சியாகவே கூட இருக்கலாம். எதுவானாலும் முதலில் முழுசாகக் கேளுங்கள். "நீயா இப்படி" என்ற ஒரு சொல் போதும், அப்புறம் பேச்சே இருக்காது.

அந்த நாவலில் இல்லாத ஒன்று நம் தென்மாவட்டங்களில் உண்டு: சாதி. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதிப் பகையைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடை செய்யச் சொன்னது அந்தக் குழு. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மகளிடம் கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள்தான் பாதிக்கப்பட்டவள் என்று தெரிந்தால், கொடுமை செய்கிற பிள்ளையின் அம்மாவுக்குப் போன் மட்டும் போடாதீர்கள். நம் ஊரில் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெரியவர்கள் சண்டையாகிவிடும், மறுநாள் வகுப்பில் அதற்கு விலை கொடுப்பவள் உங்கள் மகள். எந்த நாள், எங்கே, யார் யார் இருந்தார்கள் என்று குறித்து வையுங்கள். மெசேஜ்களை அழிக்க விடாதீர்கள். அவளிடம் சொல்லிவிட்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள், பிறகு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பள்ளி அசையாவிட்டால் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்கள் இரண்டும் உங்களுக்கு உண்டு.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கு மறுத்தால், "செத்துடலாம்போல இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாலும், நாவல் பேச்சையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.