ஜீஸ் பெண்ட் போர்வைகள் – கடிதம்

வணக்கம். அமெரிக்காவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்களின் ஒட்டுப்போர்வைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். ஒரு சந்தேகம். புதுத்துணி வாங்கக் காசில்லாமல், குளிருக்காகக் கந்தலை ஒட்டித் தைத்தவர்கள் அவர்கள். அதைப் போய்க் கலை, பண்பாடு என்று கொண்டாடுவது வறுமைக்குப் பொட்டு வைத்துப் பார்ப்பது போலில்லையா?

ர.

அன்புள்ள ர.,

குளிருக்காகத்தான், மறுக்கவில்லை. அலபாமா ஆற்று வளைவில், பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். அந்த முதலாளியின் பெயரான பெட்வேதான் இன்றும் பலருக்குக் குடும்பப் பெயர். வாக்குரிமை கேட்டு இவர்கள் கிளம்பியதும் 1962-இல் அக்கரைக்குப் போகும் ஆற்றுப்படகை அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள், 2006-இல்தான் திரும்ப விட்டார்கள். ஆனால் குளிருக்குத் தேவை ஒரு போர்வை, அவ்வளவுதானே? இந்த நீலத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு வரவேண்டும் என்று குளிர் கேட்கவில்லை.

பழைய டெனிம் துணியில் தைத்ததைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கால்சட்டை முழுக்க வெளுத்திருக்கும், பை தைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக நிற்கும், அதை வெட்டி எறியாமல் இன்னொரு வண்ணமாகவே கட்டத்துக்குள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 1942-இல் மிசூரி பெட்வே, இறந்த கணவரின் வேலைத்துணிகளைக் கிழித்துத் தைத்த போர்வை ஒன்று உண்டு. அவர் நினைவாக மூடிப் படுத்துக்கொள்ளத்தான். அதை வறுமை என்று மட்டும் எப்படிச் சொல்வது?

2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் இவற்றைச் சுவரில் மாட்டியபோது, நவீன ஓவியங்கள் போலிருக்கின்றன என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். அம்மாவிடமும் அத்தையிடமும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெளியிலிருந்து ஒரு ஓவியர் வந்து சான்றிதழ் தர வேண்டுமா என்ன?

அப்புறம், உங்கள் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற போர்வைத் தையல் கூட்டுறவைத் தொடங்கினார்கள். கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது, கூலியும் வந்தது. ஆனால் எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி இருக்க வேண்டும், சொந்த யோசனைக்கு அங்கே இடமில்லை. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தார்கள். மிச்சத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள், யாருடைய ஆர்டரும் இல்லாமல், தங்கள் இஷ்டத்துக்குப் போர்வை தைத்தார்கள். ஊரின் மிக அழகான போர்வைகளில் சில அந்தக் கார்டுராயில் தைத்தவை.