பதில்: கழிவு விலையில் போர்ஷே பொக்ஸ்டர், பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர்

பதிவுப் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும் ஒரு பாவித்த போர்ஷே பொக்ஸ்டர் காரைக் கழிவு (தள்ளுபடி) விலையில் வாங்க முற்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்று கட்டாதீர்கள். கொழும்பு விற்பனை நிலையம் இன்று மாலைக்குள் பணம் கட்டினால்தான் கழிவு கிடைக்கும் என்று கல்முனையிலிருக்கும் உங்களை அவசரப்படுத்தினாலும், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனம் இருக்கும் வரை அதன் சம்மதமின்றி வாகனத்தை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது.

விலை குறைந்திருப்பதற்குப் பெரும்பாலும் தீராத லீசிங்தான் (வாகனத்தின் மேல் பெற்ற தவணைக் கடன்) காரணமாக இருக்கும். மீதிக் கடன் எவ்வளவு என்பதை அந்த நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் பெறுங்கள். விற்பவர் காட்டும் கடிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். கடன் தொகையை நேரடியாக நிறுவனத்துக்கே செலுத்தி, வாகனத்தின் மீதான உரிமையை அது விட்டுக்கொடுக்கும் விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பின்னரே எஞ்சிய பணத்தை விற்பவரிடம் கொடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன விபரத்தைப் பெற்று, அதிலுள்ள செசி (வாகனச் சட்டகம்) இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் பொறிக்கப்பட்டவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள். கையொப்பம் மட்டும் இட்ட வெற்று உரிமை மாற்றப் படிவங்களை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

ஆனால் பத்திரங்கள் சுத்தமாக இருப்பது வாகனம் நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்றாகாது. இலங்கையில் 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை 2025 இல்தான் தனியார் கார்களுக்கு நீங்கியது என்பதால், இடைப்பட்ட காலத்தில் மாற்ற முடியாமல் சமாளித்து ஓடிய பழைய கார்களும் சந்தையில் உண்டு. ஆகவே காரின் நிலையை நன்றாகச் சோதியுங்கள். இருக்கைகள் நகரும் தண்டவாளங்களில் துருவும் கம்பளத்துக்கு அடியில் ஈரவாடையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். டயரின் பக்கத்திலுள்ள நான்கிலக்க எண்ணையும் படியுங்கள், 2318 என்றால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. விற்பவருடன் தொடர்பில்லாத ஒரு தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு பரிசோதிப்பதற்கான செலவைத் தயவுசெய்து மிச்சப்படுத்தாதீர்கள்.