மருத்துவப் படிப்புக் கடனுக்கு முன் ஓராண்டுப் பட்டறை

ஸ்டாக்ஹோமின் புறநகர் ஒன்றில் வாழும் யாழ்ப்பாணத் தாயார் ஒருவர் சென்ற வாரம் எனக்கு எழுதியிருந்தார். உயர்நிலைப் பள்ளியை முடித்த பத்தொன்பது வயது மகள் சிற்பமும் ஒளிப்படமும் படிக்கப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். சிற்பத்துக்கான பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கரைத்த நீரைக் குளியலறையில் ஊற்றிக் குழாயை அடைத்துவிட்டாள். லண்டனில் இருக்கும் பெரியப்பாவோ, போலந்தில் பணம் கட்டியாவது அவளை டாக்டராக்கிவிட வேண்டும் என்று நாள்தோறும் தொலைபேசியில் வற்புறுத்துகிறார்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் இணைத்திருந்த பெரியப்பாவின் செலவுக் கணக்கைப் பார்த்தபின் அப்படி எழுத மனம் வரவில்லை. போலந்தில் ஆங்கில வழி மருத்துவம் ஆறு ஆண்டுகள். கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டும். சுவீடன் அரசின் மாணவர் நிதியுதவி அமைப்பான சி.எஸ்.என். கடன் தருகிறதே என்கிறார் அவர். அதை அடைக்கப்போவது பெரியப்பா அல்ல, உங்கள் மகள். உயிரியல் பாடத்தை வேண்டாவெறுப்பாக முடித்த பிள்ளையை, அவளுக்கு விருப்பமே இல்லாத படிப்பில் கடனோடு சேர்த்துவிடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். மருத்துவம், பொறியியல், கணினி ஆகியவற்றுக்கான வழிகள் உங்கள் உறவினர் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பருத்திச் சேலையைச் சாந்தில் தோய்த்து, மடிப்புகள் அப்படியே இறுக விட்டு, பனி மூடிய பால்கனியில் நிறுத்தி, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து மேல்நோக்கி எடுத்திருக்கிறாள். இது சிற்பமா, ஒளிப்படமா, எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். சுவீடனில் இந்த இரண்டையும் சேர்த்தே வாழ்நாள் வேலையாகச் செய்துவரும் ஒருவரை அவளுக்குக் காட்டுங்கள்: 1963-இல் பிறந்த ஷார்லொட் யில்லென்ஹமார். ஸ்டாக்ஹோமில் ஓவியம் பயின்று, பின்னர் லண்டனில் சிற்பம் பயின்றவர். 1993-இல், நீங்கள் கடைக்குப் போகும் அதே டிரொட்னிங்காட்டன் தெருவுக்கு மேலே முழு ஓக் மரமொன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். தலைகீழாகத் தொங்கும் பெண்ணை, விரிந்த பாவாடைகளின் நடுவே காட்டும் ஒளிப்படங்களையும் எடுத்திருக்கிறார். ஸ்கோனே மாகாணத்தின் வானோஸ் சிற்பப் பூங்காவில், தம் பணிக்கூடத்தையே தலைகீழாக்கி நிலத்தடியில் அமைத்தார். சிற்பத்தையும் ஒளிப்படத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. உங்கள் மகளும் இப்போதே பிரிக்க வேண்டியதில்லை.

அவரைப் போல் இவளும் ஆகிவிடுவாள் என்று நான் சொல்லவரவில்லை. சுவீடனிலும் பெரும்பாலான கலைஞர்களின் வருமானம் குறைவுதான். பலர் வேறொரு வேலையும் பார்க்கிறார்கள். ஆகவேதான், கலைக் கல்லூரிக்கு நேரே விண்ணப்பிப்பதற்கு முன், நம்மவர்கள் பேச்சில் வருவதே இல்லாத ஃபோல்க்ஹொக்ஸ்கூலாவின் கலைப் பிரிவில் ஓராண்டு சேரச் சொல்கிறேன். வயது வந்தோருக்காக 1868-இலிருந்து நடந்துவரும் பள்ளி முறை இது. இன்று நாடெங்கும் 150-க்கு மேற்பட்ட பள்ளிகள் உள்ளன. கற்பிப்புக் கட்டணம் இல்லை. பொருட்செலவும் சாப்பாடும், விடுதியில் தங்கினால் அதன் வாடகையும் உங்கள் பொறுப்பு. மதிப்பெண் பட்டியலுக்காக யாரும் அங்கே ஓடுவதில்லை. பகல் முழுவதும் பட்டறை: களிமண்ணில் உருவம் பிடிப்பது, அதன்மேல் இரண்டு பாதியாகச் சாந்து அச்சு எடுப்பது, சாந்து இறுகும்போது கையில் படும் சூட்டை வைத்து எப்போது பிரிக்கலாம் என்று அறிவது, சில பள்ளிகளில் இரும்பு வெல்டிங், சில பள்ளிகளில் சிவப்பு விளக்கின் கீழ் படம் கழுவும் இருட்டறை. டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்ட பின்னும் அந்தப் பட்டறையில் நின்று வேலை செய்ய அவளுக்கு மனம் வருகிறதா என்பதை அந்த ஓராண்டு காட்டிவிடும். வரவில்லை என்றால் இழப்பு ஓராண்டுதான். அவளுடைய பள்ளி மதிப்பெண்கள் காலாவதியாவதில்லை, அடுத்த ஆண்டு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

மனம் வந்தால், ஸ்டாக்ஹோமின் அரச கலைக் கல்லூரி, அதே நகரின் கொன்ஸ்ட்ஃபாக் கலைக் கல்லூரி, மால்மோ, உமியோ, கோதன்பர்க் நகரங்களின் கலைப் பள்ளிகள் ஆகிய எல்லா இடங்களிலும் அவளைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பது படைப்பு மாதிரிகளையே. அந்த ஓராண்டில் அவை கையில் சேர்ந்திருக்கும். சுவீடன் குடியுரிமை உள்ளதால் அங்கும் அவளுக்குக் கட்டணமில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2011 இலையுதிர் காலம் முதல் கட்டணம் உண்டு என்பதால், ஊரிலிருக்கும் உங்கள் அக்கா மகனுக்கு இந்த யோசனையை அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

செலவு பற்றிக் கண்டிப்பாக ஒரு சொல். கலைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் தனியார் ஆயத்தப் பள்ளிகள் சில கட்டணம் வாங்குகின்றன. அவற்றுக்காகக் கடன் எடுக்க வேண்டாம். இருபது வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு சி.எஸ்.என். உதவி பாடநெறியின் வகையைப் பொறுத்து மாறும் என்பதால், சேரும் முன் அந்தப் பாடநெறி எந்த வகையில் வருகிறது என்று பள்ளியிடமே கேட்டறியுங்கள். பெரியப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், பிள்ளையைத் தொலைபேசிக்கு அழைக்காதீர்கள்.

பல பள்ளிகளில் விண்ணப்பக் கடைசி நாள் ஏப்ரல் 15-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு படங்களை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பனியில் நிற்கும் அந்தச் சேலை கட்டாயம் இருக்கட்டும். மிஞ்சும் சாந்து நீரை இனி வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் கட்டியானதைக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.