துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கினால் குற்றம் உண்மையிலேயே குறையுமா?

அடிதடியும் திருட்டும் சட்டத்தால் நின்றுவிடாது. மாறுவது அவற்றின் முடிவுதான். குடிபோதையில் அண்ணன் தம்பி சண்டை என்று வையுங்கள். கைக்கு எட்டியது கட்டை என்றால் மண்டை உடையும், தையல் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். துப்பாக்கி என்றால் அந்த ஒரு நொடியோடு எல்லாம் முடிந்தது.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில், போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதையடுத்து அரைத்தானியங்கி ரைஃபிள்களுக்கு, அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த குண்டு தானாகவே ஏறிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கு, தடை வந்தது; சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. கொலைகள் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தன என்று எதிர்த்தரப்பு சொல்வது சரிதான். ஆனால் துப்பாக்கித் தற்கொலைகளும் அதன்பின் நன்றாகக் குறைந்தன. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகளே. குற்றக் கணக்கில் வராத அந்த உயிர்களை ஒதுக்கிவிட்டு இந்த விவாதத்தை நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.