சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதிக்கலாமா? அரசு எதுவரை தலையிடலாம்?

அனுமதிக்கலாம், ஆனால் கடிவாளம் அரசின் கையில் இருக்க வேண்டும். அடியோடு தடை போட்டால் ஆட்டம் நிற்காது, ஒளிந்து நடக்கும். அப்புறம் ஜெயித்தவனுக்குப் பணம் தராமல் ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்காக எல்லாச் சூதும் ஒன்றல்ல. ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம். ஒரே ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள், ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்குதான் லாபம், அந்த இடைவெளியில்தான் சூதாட்ட விடுதி முதலாளி பிழைக்கிறார் (இது தெரிந்தும் ஆடுவார்கள், அது வேறு கதை). அதுகூடப் பரவாயில்லை. சில நொடிக்கு ஒருமுறை பணத்தை விழுங்கும் சூதாட்ட மெஷின்தான் ஆபத்து, விட்டதைப் பிடிக்கும் வெறியில் யோசிக்க நேரமே இருக்காது. பிரிட்டன் 2019இல் பந்தயக் கடை மெஷின்களில் ஓர் ஆட்டத்தில் கட்டும் பணத்துக்கான உச்சவரம்பை 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைத்தது, 2020இல் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவதையும் தடுத்தது. சரியான இடத்தில் வைத்த கை. நாலு நண்பர்கள் வீட்டில் சீட்டாடினால் அது அரசுக்கு எதற்கு?