இரவல் வாங்கிய சரிவுக்கோணம்

கேள்வி: அம்மா, நான் ஒரு கல்லூரியில், பாறைகளையும் நிலத்தின் அமைப்பையும் பற்றிய பி.எஸ்சி. ஜியாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பொறியியல் கிடைக்காததால் சேர்ந்த படிப்பு. வேலையும் இல்லை, மதிப்பும் இல்லை. என்ன படிக்கிறேன் என்றுகூடச் சொந்தக்காரர்களுக்குப் புரிவதில்லை. சென்ற மாதம் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை கிராமத்துக்கு, பாறைகளை நேரில் பார்த்து அளக்க ஃபீல்டு அழைத்துப் போனபோது வெயில் தாங்காமல் நான் பேருந்திலேயே இருந்துவிட்டேன். நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதியதற்கே 25க்கு 21 மதிப்பெண் கிடைத்தது என்றால் இந்தப் படிப்பின் தரத்தை நீங்களே பாருங்கள். இதை நிறுத்திவிட்டுக் கணினிப் பயிற்சியில் சேரலாம் என்றிருக்கிறேன். நூற்பாலையில் வேலை செய்து எனக்குப் பணம் கட்டும் அக்காவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: தம்பி, பாடத்தின் பெயரை மட்டும் மாற்றினால் இது எனக்கு மாதம் இருமுறையாவது வந்து சேரும் கடிதம். ஆகவே வேலையைப் பற்றிய பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் வாய்ப்பு குறைவுதான். எம்.எஸ்சி. முடித்தால் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வை 32 வயதுக்குள் எழுதலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். சொந்தக்காரர்கள் குழம்புவதற்கு அவர்களைக் குறை சொல்லாதே. பள்ளிக்கூடத்தில் புவியியல் என்றால் ஜியாகிரபி, அரசு அலுவலகப் பெயர்ப்பலகையில் புவியியல் என்றால் ஜியாலஜி. யாருக்குத்தான் குழப்பம் வராது?

நான் மூன்று முறை திரும்பப் படித்தது, நீ போகிற போக்கில் எழுதிய அந்தப் பேருந்து வரியைத்தான். படிப்பின் தரத்துக்குச் சாட்சியாக நீ அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். அது யாருக்கு எதிரான சாட்சி என்பது உனக்குத் தெரியவில்லை.

காரையில் நீ எதைப் பார்க்காமல் வந்தாய் என்று சொல்கிறேன். மழைநீர் அரித்து அரித்து வரிவரியாகப் பிளந்துவிட்ட களிமண் மேடுகள், அவற்றின் குறுக்கே வெயிலில் பளபளக்கும் ஜிப்சம் நரம்புகள், காலடியில் துப்பாக்கிக் குண்டைப் போலக் கிடக்கும் பெலம்னைட்டுகள். கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் உள்ளோடு அது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர்ப் பக்கம் கடலாக இருந்ததற்கு அதுவே ஆதாரம். அந்த வட்டாரத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பிரித்து புவி அறிவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்டபோது அவருக்கு உட்கார்ந்திருக்கப் பேருந்து கிடையாது. பக்கத்திலுள்ள சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் உலகுக்குத் தெரிவித்த எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. 1951இல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராகவும் ஆனார். அவருக்கும் அதே வெயில்தான்.

என் தந்தை நிலத்தடி நீர் பார்க்கும் வேலையில் இருந்தவர். அவருடைய ஃபீல்டு நோட்டுகளில் இன்னும் செம்மண் கறை இருக்கிறது. மழையில் கரையாமல் இருக்க எல்லாம் பென்சில் எழுத்து. பாறைப் படுகையின், அதாவது சாய்ந்து கிடக்கும் பாறை அடுக்கின் மேல் அந்த நோட்டையே தட்டையாக வைத்து, திசையையும் சரிவையும் அளக்கும் பிரண்டன் காம்பஸின் விளிம்பை அதனோடு ஒட்டி, குமிழி நடுவுக்கு வரும்வரை பொறுத்திருந்து ஸ்ட்ரைக்கை, அதாவது அந்த அடுக்கின் மேல் கிடைமட்டமாக ஓடும் கோட்டின் திசையைப் படிப்பார். பிறகு காம்பஸைப் பக்கவாட்டில் நிறுத்தி டிப், அதாவது சரிவுக்கோணம் பார்ப்பார். நின்ற இடத்திலேயே எழுதுவார். ஒரு கோணத்தைக்கூட வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதியதில்லை. ஒரே படுகையை இருவர் அளந்தால் ஒன்றிரண்டு டிகிரி மாறித்தான் வரும். உன் நோட்டும் நண்பனின் நோட்டும் டிகிரி பிசகாமல் ஒத்துப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் 21 போட்டவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கடிதம் எழுதியவன் நீ.

பார்க்காத கோணத்தை எழுதுவது சின்ன விஷயம் என்று நினைக்காதே. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடும்பாறை; அங்கே தண்ணீர் பெரும்பாலும் விரிசல்களில்தான் ஓடுகிறது. சமதரையில் தெரியும் ஒரு விரிசல் 30 டிகிரி சரிவில் இறங்கினால், அது சரியும் திசையில் நூறடி தள்ளிப் போடும் ஆழ்துளைக் கிணறு 58 அடியில் அதைத் தொடும். 40 டிகிரி என்றால் 84 அடியில். 40 இருக்கும் இடத்தில் 30 என்று நீ எழுதிக் கொடுத்த சீட்டை நம்பி எழுபது அடியோடு நிறுத்திவிடும் விவசாயி, அடிக்கு இவ்வளவு என்று கடன் வாங்கிக் கொடுத்த பணத்தையும் தண்ணீரையும் சேர்த்து இழந்துவிட்டுப் போவான். அவன் யாரிடம் போய் மதிப்பெண் கேட்பான்?

இனி அக்காவுக்கு வருகிறேன். அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியவள் அவள். நூல் அறாமல் இருக்க ஈரத்தை ஏற்றி வைத்திருக்கும் கூடத்தில், புழுக்கத்தோடு எந்திர வரிசைகளுக்கு இடையே நாள் முழுக்க நடக்கிறவளுக்கு, வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிப் போய் உட்கார்ந்துகொள்ள ஒரு பேருந்து நிற்கவில்லை. அவளைச் சம்மதிக்க வைக்க வழி கேட்கிறாய். பாதிக் கதையை மறைத்துவிட்டுப் பேச என்னையும் துணைக்குக் கூப்பிடுகிறாய் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். மூத்தவள் உழைத்து இளையவன் படிக்கும் வீட்டில், படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. இறங்கியே பார்க்காதவனுக்கு அந்த உரிமை இல்லை. என்னைப் பழைய காலத்து ஆள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

வரும் விடுமுறையில் துறையில் கையெழுத்துப் போட்டு ஒரு காம்பஸ் வாங்கிக்கொண்டு, பெரம்பலூர் பேருந்தைப் பிடி. நண்பனையும் கூப்பிடு, ஆனால் அவனுடைய நோட்டைத் திறக்காதே. வெயில் ஏறுமுன் காரைக்குப் போய்ச் சேர். பத்து இடத்தில் நீயே அளந்து எழுது; கிடப்பவற்றைப் பொறுக்கிப் பைக்குள் போடாதே, அங்கேயே வரைந்து பார். திரும்பி வந்து, அந்த 21 உன்னுடையது இல்லை என்று ஆசிரியரிடம் சொல். அதன் பிறகும் மனம் கணினிப் பயிற்சியிலேயே நின்றால், போனில் பேசாமல் அக்காவின் வார விடுமுறை நாளில் நேரில் போ. பேருந்தில் உட்கார்ந்திருந்த கதையை முதலில் சொல். பணத்தை அதற்குப் பிறகு கேள்.