இரும்பு பம்பர் பூட்டியபின் குரூஸ் வேலை செய்யவில்லை: கராஜ்மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: சுன்னாகத்தில் இருந்து எழுதுகிறேன். என் டபிள் கப் பிக்கப் வாகனத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் இரும்பு பம்பர் பூட்டினேன். 'குரூஸ் எல்லாம் முந்திப்போலவே ஓடும்' என்று சொல்லித்தான் 3,40,000 ரூபா வாங்கினார்கள். பூட்டி 11 கிழமை ஆகிறது. முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்துத் தானாக வேகம் குறைக்கும் அடப்டிவ் குரூஸ் அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. மஞ்சள் எச்சரிக்கை எந்நேரமும் எரிகிறது. கேட்கப் போனால், வேலையாட்கள் முன்னால் முதலாளி என்னை அவமானப்படுத்தினார். மச்சானின் சிநேகிதர் என்று நம்பித்தான் போனேன். வாகனக் கம்பெனி ஏஜென்ட்டோ பம்பரைக் கழற்றினால்தான் பார்ப்போம் என்கிறார்கள். பொலிசில் மோசடி முறைப்பாடு கொடுத்து, மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போட நினைக்கிறேன். காரசாரமாக ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலாளி கத்தியதும் மச்சானின் சிநேகிதர் என்பதும் வழக்குக்கு உதவாது. மோசடி என்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். சரியாகத் தெரியாத வேலையைத் தெரியும் என்று எடுத்தது மட்டும் மோசடி ஆகாது. பொலிசில் 'இது சிவில் விஷயம்' என்று திருப்பி விடுவார்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கு, இலங்கையில் ஒப்பந்த வழக்குகளுக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டம் கொடுப்பது பண நட்டத்துக்கான ஈட்டை மட்டும். மன உளைச்சலுக்கு அதில் இடமில்லை.

குரூஸ் வேலை செய்யும் என்று கராஜ் பொறுப்பெடுத்ததை உங்களால் காட்ட முடியுமா? உங்கள் வழக்கு இந்த ஒன்றில்தான் நிற்கிறது. நீங்கள் அனுப்பிய பில்லில் 'ஸ்டீல் பம்பர் 1, பூட்டுகூலி' என்று மட்டும் இருக்கிறது. முன்னால் போகும் வாகனத்தைப் பார்க்கும் ராடார், சென்சர் என்ற பேச்சே இல்லை. 'பம்பர் கேட்டார், பம்பர் பூட்டினோம்' என்று அவர்கள் சொன்னால் அந்தப் பில் அவர்கள் பக்கம்தான் பேசும். ஆகவே காசு கொடுப்பதற்கு முந்திய வாட்ஸ்அப் உரையாடலைத் தேடுங்கள். 'ஓம் அண்ணை, சென்சருக்கு ஒன்றும் வராது' என்று ஒரு குரல் பதிவு கிடைத்தால் போதும், வழக்கின் முகமே மாறும். அதுவரை போனை மாற்ற வேண்டாம்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். குரூஸுக்குக் கண்ணாக இருக்கும் ராடார் பெரும்பாலும் 77 கிகாஹேர்ட்ஸ் அலையில் வேலை செய்வது. அந்த அலை இரும்பை ஊடுருவாது. சென்சரை முன்னுக்கு நகர்த்திப் பூட்டினாலும் கோணம் சரியாக இருக்க வேண்டும். ஒரு பாகை விலகினாலே 100 மீற்றர் தூரத்தில் பார்வை 1.75 மீற்றர் தள்ளிப் போகும். அது ஏறக்குறைய அரை லேன். அதனால் பம்பர் மாற்றினால் கலிபரேஷன், அதாவது ராடாரின் கோணத்தை அளந்து சரிசெய்யும் வேலை, செய்தே ஆக வேண்டும். பல வாகனங்களில் தானியங்கி அவசர பிரேக்கும் இதே ராடாரை நம்பித்தான் இருக்கிறது. போனது சொகுசு மட்டும் என்று நினைத்து ஓட்டாதீர்கள்.

என்னிடம் வந்த ஒருவர் உங்களைப்போலவே கோபத்தில் கராஜுக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதினார். 'வாகனம் தற்போது வீதியில் ஓட்டுவதற்கே ஆபத்தான நிலையில் உள்ளது' என்று ஒரு வரி. கடிதத்தை அனுப்பிவிட்டு அதே வாகனத்தில் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஆறு கிழமையில், கொடிகாமம் தாண்டி ஏ9 வீதியில் ஒரு லொறியின் பின்னால் மோதினார். கராஜ்காரர் அந்தக் கடிதத்தை இன்சூரன்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டார். விஷயம் வழக்காகி, குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்ட கேள்விகள் இவ்வளவுதான்: 'இது உங்கள் கையெழுத்தா?' 'ஓம்.' 'இதை எழுதிய பிறகு எத்தனை தடவை கொழும்புக்குப் போனீர்கள்?' அதற்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆபத்து என்று தெரிந்துகொண்டே ஓட்டினார் என்பதை அவருடைய எழுத்தே நிரூபித்துவிட்டது.

வாகனத்தை வீதிக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்க வேண்டும், மாற்றம் செய்தால் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் முழு இன்சூரன்ஸ் பொலிசிகளில் வழக்கமாக இருக்கும். பம்பர் மாற்றியதை நீங்கள் அறிவித்ததாகத் தெரியவில்லை. இன்றே எழுத்தில் அறிவித்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். பம்பர் கழன்று ராடார் சரியாகும்வரை நீண்ட ஓட்டத்துக்கு அந்த வாகனத்தை எடுக்காதீர்கள்.

இன்னொரு பொறி: அவசரத்தில் வேறு கராஜுக்குக் கொண்டுபோவது. அங்கே ஸ்கேனரைப் பூட்டி, வாகனத்தின் கணினியில் பதிவாகியிருக்கும் பிழைக்குறியீட்டை முதல் வேலையாக அழித்துவிடுவார்கள். அதோடு உங்கள் சாட்சியமும் போய்விடும். கழற்றும் முன் திகதியும் கிலோமீற்றரும் தெரியும்படி ஸ்கேன் அறிக்கை எடுத்து, ராடார் இருக்கும் இடத்தைக் கிட்ட நின்று படம் பிடியுங்கள். எச்சரிக்கை விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று யாரும் சொன்னால் கிட்டவும் விடாதீர்கள்.

வழக்கா? வேண்டாம், சமரசம் பேசுங்கள். இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை, பிறகு வருடக்கணக்கில் நீதிமன்றம், ராடார் பற்றிச் சொல்ல ஒரு நிபுணர் சாட்சி. செலவு பம்பரின் விலையைத் தாண்டும். போதாததற்கு, வாகனங்களின் மேலதிகப் பாகங்களைக் கழற்றும் நடவடிக்கையில் 2025 ஜனவரியில் பொலிஸ் இறங்கியதையும் பார்த்தோம். அந்த இரும்புக்காகப் போராடுவதில் அர்த்தமில்லை. பம்பரை அவர்கள் திரும்ப எடுக்கட்டும். பழையதைப் பூட்டி, ஏஜென்ட்டிடம் கலிபரேஷன் செய்யும் செலவை அவர்கள் ஏற்கட்டும். பூட்டுகூலி போனால் போகட்டும் என்று விடுங்கள். ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில், கலிபரேஷன் அறிக்கை கையில் வந்து, நீங்களே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

பேச்சு இழுபட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 11 கிழமை போய்விட்டது. மிச்சம் இரண்டு கிழமை அளவுதான். முறைப்பாட்டை இப்போதே எழுதி வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

அப்புறம், பழைய பம்பர் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. கராஜிலேயே விட்டிருந்தால், எதையும் பேசத் தொடங்கும் முன் நாளைக்கே போய் எடுத்து வீட்டில் வையுங்கள். அவர்கள் அதை விற்றுவிட்டால் நான் மேலே சொன்ன சமரசத்துக்கே வழியில்லை.